உழைப்பவர் இழந்த உறுப்பும் சட்டம் கூறும் ஈடும்

(நம் கல்விக் கழகத்தின் வெள்ளிவிழாவையொட்டிக் குற்றாலத்தில் நடைபெற்ற இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவும், பள்ளியிலிருந்து கல்லூரிக்கு அனுப்பவும் இக்கழகம் பட்ட பாட்டை எனக்கு முன் பேசியவர்கள் எடுத்துரைத்தார்கள். அதனை மீண்டும் கூறி உங்கள் நேரத்தைக் கவர எனக்கு விருப்பமில்லை. கற்ற கல்வியைக் கொண்டு நம் தெருவில் உழைக்கும் மனிதனுக்கு நாளையே செய்யக்கூடிய ஓர் உதவியைப் பற்றி மட்டுமே பேச வந்திருக்கிறேன்.

சாரல் காலத்தில் குற்றாலத்திற்கு வருவோர் அருவியைக் காண்கிறார்கள், குளித்து மகிழ்கிறார்கள், திரும்பிச் செல்கிறார்கள். தென்காசியிலிருந்து செங்கோட்டைக்குச் செல்லும் வழியில் மர அறுவை மில்களில் எழும் ரம்ப ஓசை அவர்கள் காதில் விழுவதில்லை. அந்த ஓசைக்கு நடுவே நிற்பவர்களில் நம்மவர் பலர். செங்கற்சூளையிலும் கல்குவாரியிலும் கட்டட வேலையிலும் லாரியில் சுமை ஏற்றி இறக்கும் வேலையிலும் நம்மவர் இருக்கிறார்கள். நிலமும் இல்லாமல் கடையும் இல்லாமல் வாழ்பவனுக்கு முதல் என்று சொல்ல இருப்பவை இரண்டு கைகளும் இரண்டு கால்களுமே. அவற்றுள் ஒன்று போனால் போவது உறுப்பு மட்டுமன்று. அவனுடைய முதலில் ஒரு பகுதியே போய்விடுகிறது.

என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, 1981ஆம் ஆண்டு ஒரு மர அறுவை மில்லில் வேலை செய்துகொண்டிருந்தபோது இடது கைப் பெருவிரலை ரம்பத்திற்குக் கொடுத்தார். மில்காரர்கள் ஆஸ்பத்திரிச் செலவைச் செய்தார்கள். பதினைந்தாம் நாள் வீட்டிற்கு வந்து ஐந்நூறு ரூபாயைக் கையில் கொடுத்து, எழுதிக்கொண்டு வந்திருந்த ஒரு தாளில் கைந்நாட்டு வாங்கினார்கள். அதற்கு இடது பெருவிரல் இல்லை. ஆகவே வலது பெருவிரலை மையில் அழுத்தினார்கள். அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று படித்துச் சொல்ல அன்று எங்கள் தெருவில் ஒருவரும் அருகில் இல்லை. நான் அப்போது பள்ளி மாணவன். சட்டம் என்று ஒன்று இதற்காகவே இருக்கிறது என்பதை நான் அறிந்துகொண்டபோது ஆண்டுகள் நான்கு கடந்திருந்தன. அன்று முதல் இந்தச் சட்டத்தைப் படித்துவருகிறேன். அதில் கற்றதையே இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

தோழர்களே, முற்காலத்தில் விபத்தில் உறுப்பு இழந்த தொழிலாளி, "இது முதலாளியின் தவறு" என்று நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டும். மெய்ப்பிக்க இயலாவிட்டால் ஒரு காசும் கிடையாது. இந்நிலையை 1884ஆம் ஆண்டில் ஜெர்மனியும் 1897ஆம் ஆண்டில் இங்கிலாந்தும் சட்டம் இயற்றி மாற்றின. தவறு யாருடையதாயினும், வேலையின் காரணமாகவும் வேலையின் போதும் விபத்து நேர்ந்தால் ஈடு கொடுக்கவேண்டும் என்னும் கொள்கை பிறந்தது. நம் நாட்டில் 1923ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் 1924 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. பிற்காலத்தில் அதன் பெயர் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் என்று மாறியது. 2025 நவம்பர் 21ஆம் நாள் முதல் அதன் இடத்தில் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துள்ளது. பெயர் மாறினாலும் கணக்குப் போடும் முறை மாறவில்லை. அம்முறையைத்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

விபத்தின் விளைவைச் சட்டம் நான்காகப் பிரிக்கிறது: மரணம், எந்த வேலையும் செய்ய இயலாத நிரந்தர முழு ஊனம், சம்பாதிக்கும் திறனில் ஒரு பகுதியை என்றென்றைக்குமாக இழக்கும் நிரந்தரப் பகுதி ஊனம், சில காலத்தில் தீர்ந்துவிடும் தற்காலிக ஊனம். நம் இளைஞர்களுக்கு மிகுதியாக நேர்வது மூன்றாவது வகை. மிகுதியாக ஏமாற்றப்படுவதும் அந்த வகையிலேதான். செத்தவன் வீட்டில் ஊரே கூடிக் கேட்கும். விரல் போனவன் வீட்டில் "உயிர் தப்பியதே பெரிது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

ஈட்டைக் கணக்கிட வேண்டியவை மூன்றே மூன்று: மாதக்கூலி, வயது, திறன் இழப்பின் விழுக்காடு.

முதலில் மாதக்கூலியில் நூற்றுக்கு அறுபதை எடுக்கவேண்டும். அதனை வயதுக்குரிய பெருக்கு எண்ணால் பெருக்கவேண்டும். வயது குறைந்தவனுக்கு இன்னும் உழைக்கவேண்டிய ஆண்டுகள் மிகுதி. ஆகவே அவனுக்குரிய எண்ணும் பெரிது. 20 வயதுக்கு 224.00, 30 வயதுக்கு 207.98; 40 வயதுக்கு 184.17, 50 வயதுக்கு 153.09. இவ்வாறு பெருக்கி வரும் தொகை முழு ஊனத்திற்குரியது. பகுதி ஊனமாயின், அத்தொகையில் இழந்த திறனின் விழுக்காட்டை எடுத்தால் ஈடு வந்துவிடும்.

எடுத்துக்காட்டாக, 2024ஆம் ஆண்டில் மாதம் 12,000 ரூபாய் கூலி பெற்ற 30 வயது இளைஞன் ஒருவன் பெருவிரலை இழந்தான் என்று வைத்துக்கொள்வோம். 12,000இல் அறுபது விழுக்காடு 7,200. அதனை 207.98ஆல் பெருக்கினால் 14,97,456 ரூபாய். பெருவிரலுக்குச் சட்ட அட்டவணை கூறும் இழப்பு 30 விழுக்காடு. ஆகவே அவனுக்குச் சேரவேண்டியது 4,49,236 ரூபாய் 80 காசு. ஐந்தாம் வகுப்புக் கணக்கறிவு இருந்தால் போதும். இந்தக் கணக்கு தெரியாத காரணத்தால் பத்தாயிரத்திற்கும் இருபதாயிரத்திற்கும் கைந்நாட்டு வைத்தவர்களை நான் அறிவேன்.

கூலியை எப்படிக் காட்டுகிறார்கள் என்பதையும் இங்கே கவனியுங்கள். உண்மையில் 12,000 கொடுத்துவிட்டு, பதிவேட்டில் 6,000 என்று எழுதியிருந்தால் ஈடும் பாதியாகி 2,24,618 ரூபாய் 40 காசாகச் சுருங்கிவிடும். ஆகவே கூலி வாங்கும் நாளில் ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் தேதியும் தொகையும் எழுதி வையுங்கள். வங்கிவழி வரும் கூலிக்கு வங்கிப் புத்தகமே சாட்சி. உடன் உழைக்கும் தோழனும் சாட்சியே. கூலி எவ்வளவு உயர்ந்திருந்தாலும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும் கூலிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 2020 ஜனவரியில் அது 15,000 ரூபாய் என உயர்த்தப்பட்டது. அதற்குமுன் 8,000 ரூபாயாக இருந்தது.

இனி, விழுக்காடு எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்ப்போம். சட்டத்தின் அட்டவணையில் ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் எண் குறிக்கப்பட்டிருக்கிறது. ஒரு கை மணிக்கட்டோடு போனால் 60. ஒரு கையின் நான்கு விரல்கள் போனால் 50. மூன்று விரல்கள் 30. இரண்டு விரல்கள் 20. பெருவிரல் முழுவதும் 30. அதன் நுனிக் கணு மட்டும் 20. சுட்டுவிரல் முழுவதும் 14, நடுவிரல் 12, மோதிரவிரலோ சுண்டுவிரலோ 7. மறு கண் நன்றாயிருக்க ஒரு கண்ணை இழந்தால் 40. உறுப்பு துண்டாகாமல் இருந்தும், அதன் பயன் முழுவதும் என்றென்றைக்குமாக அற்றுப்போனால், அதுவும் உறுப்பை இழந்ததற்குச் சமமே என்று அட்டவணை கூறுகிறது. ஒரே விபத்தில் பல காயங்கள் நேர்ந்தால் அவற்றிற்குரிய ஈடுகளைக் கூட்டலாம். ஆனால் முழு ஊனத்திற்குரிய தொகையை மீறலாகாது.

அட்டவணையில் கூறப்படாத காயங்களும் உண்டு. சாரத்திலிருந்து விழுந்தவனுக்கு முதுகெலும்பு நொறுங்கலாம். சுமை சரிந்தவனுக்கு முழங்கால் விறைத்துப் போகலாம். இவற்றிற்குத் தகுதிபெற்ற மருத்துவர், சம்பாதிக்கும் திறன் எத்தனை விழுக்காடு குறைந்தது என்று மதிப்பிட்டுக் கூறவேண்டும். இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் வழுக்கி விழுகிறார்கள். உடலின் ஊனம் வேறு. சம்பாதிக்கும் திறனின் இழப்பு வேறு. மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் குறிக்கப்படுவது உடலின் ஊனம். அந்த எண்ணையே கொண்டுபோய் இழப்பீட்டு மனுவில் ஒட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடக் கூடாது. முழங்கால் மடங்காத எழுத்தர் மறுநாளும் நாற்காலியில் அமர்ந்து எழுதலாம். முழங்கால் மடங்காத சுமைதூக்கும் தொழிலாளி என்ன செய்வான்? மருத்துவர் காலை அளப்பார். அந்தக் காலால் செய்யப்பட்ட வேலை எது என்பதை நாம்தான் அவரிடம் சொல்லவேண்டும். "இவர் மூடை தூக்குபவர்; ஏணியில் ஏறுபவர்; நாளெல்லாம் நின்றுகொண்டு மரம் தள்ளுபவர்" என்று சொல்லி, அதனைச் சான்றிதழில் எழுதித் தருமாறு பணிவுடன் கேளுங்கள்.

இதற்கு உச்சநீதிமன்றமே வழிகாட்டியிருக்கிறது. ஒரிசா மாநிலத்தில் ஒரு திரையரங்கின் அலங்கார வேலையில் ஈடுபட்டிருந்த சீனிவாச சபதா என்னும் தச்சுத் தொழிலாளி 1968 ஜூலையில் விழுந்து அடிபட்டார். அவருடைய இடது கை முழங்கைக்கு மேலே துண்டிக்கப்பட்டது. முதலாளியான பிரதாப் நாராயண் சிங் தேவ், அட்டவணைப்படி இது பகுதி ஊனமே என்று வாதிட்டார். வழக்கு டில்லி வரை சென்றது. 1975 டிசம்பரில் நான்கு நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்புக் கூறியது: தச்சு வேலையை ஒரே கையால் செய்ய இயலாது, ஆகவே இந்தத் தச்சருக்கு நேர்ந்தது முழு ஊனமே, நூறு விழுக்காடு ஈடு தரவேண்டும். தர மறுத்து இழுத்தடித்ததற்காக ஐம்பது விழுக்காடு தண்டத் தொகையையும் வட்டியையும் அந்நீதிமன்றம் உறுதி செய்தது. ஈடு விபத்து நேர்ந்த நாளிலேயே கடனாகிவிடுகிறது என்றும் கூறியது. 2008ஆம் ஆண்டில் ஜனார்த்தன் என்னும் டாங்கர் லாரி ஓட்டுநரின் வழக்கிலும் இதே நெறி பின்பற்றப்பட்டது. வலது காலை முழங்காலளவில் இழந்தவர் இனி லாரி ஓட்ட இயலாது என்று, 65 விழுக்காடு எனக் குறைக்கப்பட்டிருந்ததை உச்சநீதிமன்றம் மீண்டும் நூறு விழுக்காடாக்கியது.

இத்தீர்ப்புகளிலிருந்து நாம் அறியவேண்டியது ஒன்று உண்டு. சட்டம் விரலுக்கு விலை பேசவில்லை; அந்த விரலைக் கொண்டு நடந்துவந்த பிழைப்புக்கே ஈடு பேசுகிறது. அட்டவணையில் உள்ள எண் நாம் நுழையும் வாசற்படி. தொழிலே கைவிட்டுப் போனவன் அந்தப் படியிலேயே நின்றுவிட வேண்டியதில்லை. அதேபோல், அட்டவணையில் கண்ட காயம் பட்டவனை அதே மில்லில் அதே கூலிக்கு மீண்டும் வைத்துக்கொண்டாலும், அதனால் ஈடு கொடுக்கும் கடமை நீங்கிவிடுவதில்லை.

மில்லோ தொழிற்சாலையோ ஈ.எஸ்.ஐ. திட்டத்தின்கீழ் இருந்தால் வழி வேறு. அங்கே முதலாளியிடம் ஈடு கேட்க இயலாது. மருத்துவக் குழு திறன் இழப்பை மதிப்பிட்டு, அதற்கேற்ற தொகையை ஆயுள் முழுவதும் மாதந்தோறும் அந்நிறுவனம் வழங்கும். மதிப்பீடு குறைவென்று தோன்றினால் மேல்முறையீடும் உண்டு. இத்திட்டத்தின் வரலாற்றில் நமக்குரிய பெருமை ஒன்று இருக்கிறது. அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் நலத்துறைக்குப் பொறுப்பேற்றிருந்தார். அக்காலத்தில்தான், 1943இல், பேராசிரியர் அதார்க்கர் தொழிலாளர் நோய்க்காப்பீட்டுத் திட்டம் வகுக்க நியமிக்கப்பட்டார். 1944இல் தம் அறிக்கையை அளித்தார். 1948ஆம் ஆண்டின் ஈ.எஸ்.ஐ. சட்டம் அதிலிருந்து வளர்ந்தது. ஆகவே வேலையில் சேரும் நாளிலேயே, "எனக்கு ஈ.எஸ்.ஐ. எண் உண்டா?" என்று கேட்க நம் இளைஞர்கள் கூசக்கூடாது.

இனி ஏமாறும் இடங்களைக் கூறுகிறேன், மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

"ஆஸ்பத்திரிச் செலவு நாங்கள்தானே செய்தோம், அதைக் கழித்துக்கொள்கிறோம்" என்பார்கள். கழிக்கக் கூடாது. மருத்துவச் செலவு வேறு, ஈடு வேறு.

"இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்" என்று எழுதி வாங்குவார்கள். உரிமையை விட்டுக்கொடுக்கும் அத்தகைய ஒப்பந்தம் சட்டத்தின்முன் செல்லாது. ஈட்டுத் தொகையைப் பற்றிய உடன்பாடு உரிய அதிகாரியிடம் பதிவு செய்யப்படவேண்டும். பதிவு செய்யாவிட்டால் முழுத் தொகைக்கும் முதலாளி பொறுப்பாவார்.

"நீ என் ஆள் அல்ல, காண்டிராக்டரின் ஆள்" என்பார்கள். தம் தொழிலின் வேலையை ஒப்பந்தக்காரர் மூலம் செய்வித்தாலும் முதன்மை முதலாளியிடமே ஈடு கோரலாம். அவர் பின்னர் ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும்.

"விபத்து கேரளத்தில் நடந்தது, அங்கே போய்க் கேள்" என்பார்கள். ஆரியங்காவு தாண்டிப் புனலூருக்கும் கொல்லத்திற்கும் வேலைக்குச் செல்லும் நம்மவர்க்கு இது முக்கியம். விபத்து எங்கே நடந்தாலும், தொழிலாளி வழக்கமாக வாழும் பகுதிக்குரிய அதிகாரியிடமும் மனுக் கொடுக்கலாம்.

நம் பக்கத்திலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். குடித்துவிட்டு இயந்திரத்தின்முன் நின்றாலோ, காப்புக்கென்று பொருத்தப்பட்ட மறைப்பை வேண்டுமென்றே கழற்றினாலோ, அதனால் விளையும் பகுதி ஊனத்திற்கு ஈடு கிடைக்காமல் போகலாம். மரணத்திற்கும் முழு ஊனத்திற்கும் இத்தடை இல்லை. பகுதி ஊனத்திற்கு உண்டு. வேலை விரைவாக நடக்கவேண்டும் என்று மேஸ்திரி மறைப்பைக் கழற்றச் சொன்னால், சொன்னவர் யார், கேட்டவர் யார் என்பதை நினைவில் வையுங்கள்.

விபத்து நேர்ந்தவுடன் செய்யவேண்டியவை இவை. முதலாளிக்கு எழுத்து மூலம் தெரிவித்து நகல் வைத்துக்கொள்ள வேண்டும். மருத்துவமனையில் சேர்க்கும்போதே "வேலை செய்தபோது நேர்ந்த விபத்து" என்று பதியச் சொல்லவேண்டும். "வீட்டில் தவறி விழுந்தார்" என்று எவரும் எழுதிவிட இடம் தரலாகாது. சீட்டுகளையும் படங்களையும் பத்திரப்படுத்த வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்குள் மனுக் கொடுக்கவேண்டும். தக்க காரணம் இருந்தால் காலம் கடந்த மனுவையும் ஏற்கலாம். ஆயினும் அதனை நம்பிக் காத்திருப்பது அறிவுடைமையாகாது. நம் பகுதிக்கு நெடுங்காலமாகத் திருநெல்வேலியில் உள்ள தொழிலாளர் துணை ஆணையரே இம்மனுக்களை விசாரித்து வந்தார். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாயிற்று. புதிய சட்டத் தொகுப்பும் இப்போது வந்துள்ளது. ஆகவே மனுவை எங்கே கொடுப்பது என்பதைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் முன்னரே கேட்டறிந்து செல்லுங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, பட்டியல் சாதியினர் ஒவ்வொருவருக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அவ்வாறே உண்டு. நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் குழுவில் சாதிச் சான்றிதழுடன் ஒரு விண்ணப்பம் கொடுத்தால் போதும். இது எவரும் இடும் பிச்சையன்று, நமக்குரியது.

இளைஞர்களே, நான் உங்களிடம் வேண்டுவது பெரிதொன்றுமில்லை. நம் கழகத்தில் படித்துப் பட்டம் பெற்றோர் பலர் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். ஊருக்கு இருவர் இந்தக் கணக்கைக் கற்றுக்கொள்ளுங்கள். கூலி, வயது, விழுக்காடு என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பெருக்கிக் காட்டுங்கள். நம்மவர் ஒருவருக்கு விபத்து என்று கேட்டால் பழமும் ரொட்டியும் வாங்கிச் செல்லுங்கள். கூடவே ஒரு பேனாவையும் எடுத்துச் செல்லுங்கள். அங்கே எவரேனும் ஒரு தாளை நீட்டினால், "படித்துப் பார்த்துவிட்டுத் தருகிறோம் ஐயா" என்று சொல்லுங்கள். பெரிய போராட்டங்கள் பலவற்றை நாம் நடத்தியிருக்கிறோம். இந்தச் சிறு வாக்கியத்தைச் சொல்ல ஆளில்லாமல் இழந்ததும் ஏராளம்.

என் அண்ணன் அதன்பின் மில்லுக்குப் போகவில்லை. இரவுக் காவல் வேலை பார்த்தார். அதில் கிடைத்த குறைந்த சம்பளத்தில் தம் இரு பெண்களையும் பள்ளியிறுதி வரை படிக்கவைத்தார். மூத்தவள் எழுதப் படிக்கக் கற்றதும் அவர் முதலில் கேட்டது, அன்று கைந்நாட்டு வைத்த அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கும் என்பதைத்தான். அத்தாளின் நகல் எங்களிடம் இல்லை. ஆகவே அவளாலும் சொல்ல இயலவில்லை. இனி ஒரு தந்தைக்கும் அந்த ஐயம் நேரலாகாது என்பதற்காகவே இவ்வளவும் பேசினேன்.